உபயம் எழுதாத கூரை

எங்கள் ஊர்க் கோயிலின் மணிக்கோபுரத்தில் என் அப்பாவின் பெயர் இருக்கிறது. கறுப்புக் கல்லில் வெள்ளை எழுத்து. 'உபயம்' என்று தொடங்குகிறது. அந்தக் காசு மணிக்கோபுரத்துக்கு வந்த காசு அல்ல. சபை நூலகத்தின் கூரைக்கு வந்த காசு. அதை வேண்டாம் என்று திருப்பித் தந்த ஒரு பெண்ணைப் பற்றித்தான் எழுதுகிறேன். அவரைப் புகழ்வதற்காக அல்ல. அவர் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் இருக்கிறது.

பெயர் எழுதப் போவதில்லை. ஊரிலும் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முகத்துக்கு முன்னால் 'அக்கா'. முதுகைத் திருப்பினால் 'வரியக்கா'.

எண்பத்து மூன்றில் கொழும்பில் இருந்த கடையைப் பறிகொடுத்துவிட்டு, உடுத்த உடுப்போடு கப்பலேறி ஊருக்கு வந்தவன் நான். தோட்டத்தில் இறங்குவதற்கு முன் கொஞ்சக் காலம் வேலை வெட்டி இல்லை. காலையில் பேப்பர் பார்க்க நூலகத்துக்குப் போவேன். சுன்னாகம் சந்தையிலிருந்து சைக்கிளில் கால் மணி நேரம் எங்கள் ஊர். உள்ளூராட்சிச் சபையின் உப அலுவலகமும் நூலகமும் ஒரே கட்டடம். முன் அறையில் ஒரு கிளாக்கர் இருந்து சோலை வரி வாங்குவார். வீட்டுக்கும் காணிக்கும் வருடா வருடம் சபைக்குக் கட்டுகிற வரி அது. பின் அறை நூலகம். அங்கே அவர். நாற்பது வயது இருக்கும். பருத்திச் சேலை, ஆண்கள் கட்டுகிற பெரிய மணிக்கூடு, மூக்கு நுனியில் கண்ணாடி.

முதல் நாள் நான் உள்ளே கால் வைத்ததும் நிமிர்ந்து பார்த்தார்.

"தம்பி, வீட்டிலை வரி கட்டியாச்சோ?"

"பேப்பர் பாக்கிறதுக்கும் வரியோ?"

"இல்லை. பேப்பர் ஆரும் பாக்கலாம். கேட்டனான்."

அவ்வளவுதான். பேப்பரை எடுத்துத் தந்தார். அடுத்த நாளும் கேட்டார். அதற்கு அடுத்த நாளும். பள்ளிக்கூடப் பிள்ளைகளிடமும் கேட்பார். "அப்பா வரி கட்டிட்டாரோ?" பிள்ளை முழிக்கும். "வீட்டை போய்க் கேள்" என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தைக் கொடுப்பார். வரி கட்டாதவன் பிள்ளை என்று ஒருவரையும் அவர் திருப்பி அனுப்பியதில்லை. ஆனால் கேட்காமல் விட்டதும் இல்லை. ஊருக்கு அது பெரிய பகிடி. கலியாண வீட்டில் அவர் பந்தியில் இருந்தால், பரிமாறுகிறவன் வடையைக் கையில் வைத்துக்கொண்டு "அக்கா, வரி கட்டியாச்சோ?" என்று கேட்பான். அவர் சிரிக்க மாட்டார். "நான் கட்டிட்டன். நீர்?" என்பார். அவன் அடுத்த இலைக்குப் போய்விடுவான்.

புத்தகங்கள் வருடத்துக்கு ஒரு முறை வரும், சபை ஒதுக்கும் காசுக்கு ஏற்றபடி. ஒவ்வொரு புத்தகத்தின் முதல் தாளிலும் சபை முத்திரைக்குக் கீழே தன் கையால் ஒரு வசனம் எழுதுவார்: 'இது இந்த ஊரார் கட்டிய வரியில் வாங்கியது.' அச்சு எழுத்தைப் போன்ற கையெழுத்து. ஒரு நாள் நான் சேட்டைக்குக் கேட்டேன்.

"அப்ப இந்தப் புத்தகத்திலை என்ரை காசுக்கு வந்தது எந்தப் பக்கம், அக்கா?"

அவர் புத்தகத்தை வாங்கி, திருப்பி, பின்னட்டையைத் தொட்டுக் காட்டினார். "இது. மிச்சத்தையும் கட்டினீரெண்டால் உள்ளுக்குப் போகலாம்."

வாங்கில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் மிச்சத்தைக் கட்டவில்லை.

அந்த வாங்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுவரோடு போட்டிருந்த நீளமான பழைய பலகை வாங்கு. சாய்மனை இல்லை. அதில்தான் எல்லாரும் இருப்போம். 'எல்லாரும்' என்று எழுதுவது சுலபம். எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்கு உரிய இடம் அது ஒன்றுதான். கோயிலுக்குள் வரக்கூடாதவர்கள் இருந்தார்கள். எங்கள் வீட்டுக் கிணற்றைத் தொடக்கூடாதவர்கள் இருந்தார்கள். தேநீர்க் கடையில் அவர்களுக்கு வேறு பேணி இருந்த காலம் எனக்கு நினைவிருக்கிறது. பேணி போனது, மனம் போகவில்லை. சபைக் கட்டடத்தில் மட்டும் யாரும் யாரையும் எழும்பச் சொல்ல முடியாது. அங்கே மரமேறிக் கள்ளுச் சீவிவிட்டு வருகிற செல்லனும் இருப்பான், ஓய்வுபெற்ற ஸ்டேசன் மாஸ்டரும் இருப்பார். செல்லன் எங்கள் காணியில் கொட்டில் போட்டுக் குடியிருந்தவன். என்னைவிடப் பத்து வயது மூப்பு. நான் அவனை 'செல்லன்' என்றுதான் கூப்பிடுவேன், 'நீ' என்றுதான் கதைப்பேன். நூலகத்தில் அக்கா மட்டும் 'செல்லண்ணை' என்பார். அவன் எழுத்துக் கூட்டிப் பேப்பர் வாசிப்பான், சத்தம் போட்டு. ஸ்டேசன் மாஸ்டர் முகத்தைச் சுளித்துக்கொண்டு பேப்பருக்குப் பின்னால் மறைவார். எழும்ப மட்டும் மாட்டார். எழும்பினால் இடம் போய்விடும்.

நான் ஊருக்கு வந்த அடுத்த வருடம் கோயில் மனேச்சர் இரண்டு புது வாங்கு கொண்டு வந்து போட்டார். தேக்கு, சாய்மனையோடு. பின்பக்கம் அவர் பெயர் எழுதியிருந்தது. அக்கா வாங்கிக்கொண்டார், நன்றியும் சொன்னார். ஒரு கிழமை கழித்து மனேச்சர் வந்தபோது செல்லன் அந்தப் புது வாங்கில் சாய்ந்து பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தான்.

"பிள்ளை, உந்த வாங்கு நான் எங்கடை ஆக்களுக்கெல்லே போட்டனான்."

"ஆர் உங்கடை ஆக்கள்?"

"உமக்குத் தெரியாதே?"

"சபைப் பேர் இடாப்பிலை அப்பிடி ஒரு பிரிவு இல்லை."

மனேச்சர் செல்லனைப் பார்த்தார். செல்லன் பேப்பரை மடித்து வைத்துவிட்டுத் தானாகவே எழும்பிப் பழைய வாங்கின் ஓரத்தில் போய் இருந்தான். மனேச்சர் சொன்னதை அக்கா தாங்கியிருப்பார். செல்லன் எழும்பியதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை என்று நினைக்கிறேன். முகம் கறுத்துப் போனது. மறுநாள் காலையில் இரண்டு வாங்கும் றோட்டோரம் கிடந்தன. கிளாக்கரும் நானும்தான் தூக்கி வைத்தோம். நான் ஒரு பக்கம் பிடித்தேன். அதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் சரியாகச் செய்த ஒரே காரியம் அதுதான். அந்த வாங்குகள் இன்றைக்கும் கோயில் மண்டபத்தில் கிடக்கின்றன.

அன்றிலிருந்து நன்கொடை என்ற சொல்லே அந்த அறைக்குள் வரக்கூடாது. அலுமாரி வந்தது, வேண்டாம் என்றார். காற்றாடி வந்தது, வேண்டாம் என்றார். செத்தவர் நினைவாக ஒரு பெட்டி நிறையப் புத்தகம் வந்தது, அதையும் வேண்டாம் என்றார். "வாங்குக் காசு தந்தவர் வாங்கிலை ஆர் இருக்கிறதெண்டு சொன்னார். புத்தகக் காசு தாறவர் எதை வாசிக்கிறதெண்டு சொல்லுவார். ஊரார் எல்லாரும் கொஞ்சம் கொஞ்சமாத் தந்தால் ஒருத்தரும் ஒண்டும் சொல்லேலாது."

சபைக்கு அவர் எழுதிய கடிதங்களின் பிரதிகளை ஒரு கோப்பில் வைத்திருந்தார். றோட்டுக்கும் சந்தைக்கும் ஒதுக்கிய பிறகு மிஞ்சுவதைத்தான் நூலகத்துக்குத் தருகிறீர்கள், வரியில் இவ்வளவு நூலகத்துக்கு என்று முதலிலேயே எழுதி வையுங்கள் என்று எல்லாக் கடிதத்திலும் ஒரே கோரிக்கை. சபையிலிருந்தும் எப்போதும் ஒரே பதில். வரி வருவதில்லை, வந்தால் பார்ப்போம்.

பட்டணத்து நூலகம் எரிந்த நினைவு நாளை ஒரு வருடம் எங்கள் நூலகத்தில் வைத்தார்கள். வாழை கட்டி, விளக்கேற்றி. பேச வந்தவர் அழுதார். எரிந்த புத்தகங்களை எண்ணி எண்ணி அழுதார். கூட்டமும் கண்ணைத் துடைத்தது. நானும் துடைத்தேன், அது பொய்க் கண்ணீர் அல்ல. அவர் பேசி முடித்து இருக்கப் போகும்போது பின்னால் நின்ற அக்கா கேட்டார்.

"ஐயா, வீட்டிலை வரி கட்டியாச்சோ?"

யாரோ, "உவவுக்கு விசர்" என்றார்கள். ஸ்டேசன் மாஸ்டர் எழும்பி, "பிள்ளை, இது செத்த வீடு மாதிரி. இடம் பொருள் தெரிஞ்சு கதைக்க வேணும்" என்றார்.

"ஓம், செத்த வீடுதான். அதுதான் கேட்டனான். அங்கை எரிச்சவங்களுக்கு ஏசுறியள். ஏசத்தான் வேணும். இஞ்சை அலுமாரிக்குள்ளை கறையான் ஏறியிருக்கு, அதுக்கு ஆரை ஏசுறது?"

கூட்டம் கலைந்தது. சபைக்கு அவரைப் பற்றி மனு எழுதினார்கள். கையெழுத்து வைத்தவர்களில் பாதிப் பேர் வரி கட்டாதவர்கள் என்று கிளாக்கர் பிறகு எனக்குச் சொன்னார்.

எண்பத்தேழில் விழுந்த ஷெல்லில் நூலகத்தின் பின் மூலை போனது. கைமரங்கள் முறிந்து, ஓடுகள் சல்லிச் சல்லியாக உள்ளே கிடந்தன. ஆள் சேதம் இல்லை என்று எல்லாரும் ஆறுதல்பட்டோம். அவர் அந்த மூலையிலிருந்த அலுமாரிகளை முன்பக்கம் இழுத்துப் போட்டு, ஓட்டையில் ஒரு கித்தான் படங்கைக் கட்டினார். படங்கு இரண்டு மாரி தாங்கியது. பிறகு கிழிந்தது. தொண்ணூறில் திரும்பச் சண்டை தொடங்கி, கரண்ட் போய், ரெயில் போய், சீமெந்துக்கும் மண்ணெண்ணெய்க்கும் தடை வந்தபோது, வரி கட்டுகிற கொஞ்சப் பேரும் நிறுத்திவிட்டார்கள். எந்த அரசாங்கத்துக்குக் கட்டுவது என்று கேட்டார்கள். நானும் கேட்டேன். கேட்பதற்கு நல்ல கேள்வி. அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு காசை மிச்சம் பிடிக்கலாம்.

என் தம்பி அப்போது சுவிசில். தொண்ணூற்று மூன்று அளவில் அவன் கடிதம் எழுதினான். அப்பா அந்த நூலகத்தில்தான் ஒவ்வொரு நாளும் பேப்பர் பார்த்தவர், அவர் நினைவாக முழுக் கூரையும் போட்டுக் கொடுப்போம், முகப்பில் அப்பாவின் பெயரைக் கல்லில் வெட்டினால் போதும் என்று. காசும் ஆள் மூலம் வந்தது. நான் சந்தோசத்தோடு போனேன். அவர் கிழிந்த படங்கை ஊசியால் தைத்துக்கொண்டிருந்தார்.

சொன்னேன். ஊசியை வைக்காமலே கேட்டார்.

"பேர் இல்லாமல் தருவாரோ?"

"அவன் கேக்கிறது பேர் ஒண்டுதானே, அக்கா. வேறை என்ன கேக்கிறான்?"

"அப்ப வேண்டாம், தம்பி. நீங்கள் ரெண்டு பேரும் உங்கடை வரியைக் கட்டுங்கோ. காணும்."

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "வரி எண்டாலும் காசு, நன்கொடை எண்டாலும் காசு. மழைக்கு வித்தியாசம் தெரியுமோ?"

"மழைக்குத் தெரியாது. வாங்கிலை இருக்கிறவனுக்குத் தெரியும்."

"எங்கடை அப்பா ஆரையும் எழும்பச் சொல்லேல்லை."

"இல்லைத்தான். ஆனால் உங்கடை அப்பான்ரை பேருக்குக் கீழை செல்லண்ணை சாய்ஞ்சு இருப்பாரெண்டு நினைக்கிறீரோ?"

நான் அந்த அறையை விட்டு வெளியே வந்து சைக்கிளை எடுத்தேன். கோயிலுக்கு நேரே போனேன். மனேச்சர் காசைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மணிக்கோபுரம் எழும்பியது. சீமெந்துக்குத் தடை என்றார்கள், ஆனால் கோபுரத்துக்கு எங்கிருந்தோ சீமெந்து வந்தது.

அவரைப் பிடிவாதக்காரி என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். இன்றைக்கும் அதை வாபஸ் வாங்க மாட்டேன். கூரை கையில் வந்தது. வேண்டாம் என்றார். நனைந்த புத்தகங்களுக்கு அவரும் பொறுப்பு. ஆனால் கதை அதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

அடுத்த வருடம் மாரிக்கு முன்னால் அவர் வரிப் புத்தகத்தைக் கிளாக்கரிடம் கேட்டு வாங்கிக்கொண்டு வீடு வீடாக இறங்கினார். முழுக் கூரைக்கு அல்ல. பின் மூலைக்கு மட்டும். வெறுமையாய்க் கிடந்த வீடுகளின் ஓடுகளை விலைக்குப் பேசி வைத்திருந்தார், பனஞ்சலாகையும் பேசி வைத்திருந்தார். எந்த வீட்டில் எத்தனை வருட வரி நிலுவை என்று மனப்பாடம்.

நாங்கள் ஸ்டேசன் மாஸ்டர் வளவில் வெங்காயம் பிடி கட்டிக்கொண்டிருந்தோம். படலையில் அவரது சைக்கிள் மணி கேட்டதும் ஒருவன், "வரியக்கா வாறா, எல்லாரும் செத்த மாதிரிக் கிடவுங்கோ" என்றான்.

ஸ்டேசன் மாஸ்டர் முந்திக்கொண்டார். "பிள்ளை, இயக்கப் பெடியளுக்கும் குடுத்து, கோயிலுக்கும் குடுத்து, இனி உமக்கும் குடுக்கிறதோ?"

"எனக்கு இல்லை, மாஸ்டர். நீங்கள் இருக்கிற வாங்குக்கு மேலை ஒழுகுது."

"சரி, நன்கொடை எண்டு எழுதும். வரியைப்போலப் பத்து மடங்கு தாறன். பேரைப் போடும்."

"வரி எண்டு ஒரு மடங்கு தாங்கோ."

"வரி எண்டால் ஒரு சதம் தரமாட்டன். வரி ஆருக்குத் தெரியும்? கட்டினவனுக்கும் கிளாக்கருக்கும்தான் தெரியும்."

இதை நான் சிரிப்புக்காக எழுதவில்லை. அன்றைக்கு எல்லாரும் சிரித்தோம் என்பது வேறு. அதே காசு, அதே கூரை. பெயர் போட்டால் பத்து மடங்கு கொடுக்கத் தயார், பெயர் போடாவிட்டால் ஒரு சதமும் இல்லை. ஒரு வீட்டில் மட்டும் அல்ல, ஊர் முழுக்க இதே பதில். ஐந்தாறு வீடுகள் கட்டின. அதில் இரண்டு, ஆண்பிள்ளை இல்லாத வீடுகள்.

கட்ட வந்தவர்களும் இருந்தார்கள். செல்லன் வந்தான். எங்கள் காணியில் குடியிருந்த பதினொரு வீட்டுக்காரரும் வந்தார்கள். அவர்களை யாரும் கேட்கவே இல்லை. கேட்க முடியாது. காணி எங்களுடையது, வரி இடாப்பில் பெயர் என்னுடையது. செல்லன் காசை மேசையில் வைத்துவிட்டு, "எனக்கும் ஒரு வரித் துண்டு எழுதுங்கோ" என்று நின்றானாம். உங்கள் பெயரில் வீடு காணி என்று ஆதனம் இல்லை, வாங்க முடியாது என்று அக்கா சொல்லியிருக்கிறார். "புத்தகத்திலை 'ஊரார்' எண்டு எழுதிறியளே, அப்ப அதிலை நாங்கள் இல்லையோ?" என்று அவன் கேட்டானாம். இதைக் கிளாக்கர்தான் சொன்னார். அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார் என்றும் சொன்னார்.

அடுத்த நாள் என் வீட்டு முற்றத்தில் வந்து நின்றார். இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை.

"தம்பி, செல்லண்ணை ஆக்கள் இருக்கிற காணித் துண்டைப் பிரிச்சு, அவையின்ரை பேரை இடாப்பிலை ஏத்த வேணும். காணிக்காரற்றை கடிதம் இருந்தால் சபை ஏத்தும். பதினொரு வீடும் வரி கட்டும். வந்ததோடை அதையும் சேர்த்தால் பின் மூலைக்குக் காணும். மழைக்கு முன்னம் முடிச்சிடலாம்."

கடிதத்தை எழுதியே கொண்டு வந்திருந்தார். கையெழுத்து வைக்கிற இடத்தில் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி.

எங்கள் ஊரில் வரித் துண்டு என்பது காசு கட்டிய துண்டு மட்டும் அல்ல. பத்து வருடம் ஒருவன் தன் பெயரில் வரித் துண்டு வைத்திருந்தால், அதைக் கோட்டில் நீட்டிக் காணி என்னுடையது என்பான். காணி உறுதிப் பத்திரம் பெட்டிக்குள் இருக்கும், ஆனால் வழக்கு இருபது வருடம் இழுக்கும். இந்தப் பயம் என் அப்பாவுக்கு இருந்தது, அவருடைய அப்பாவுக்கும் இருந்தது. எனக்கும் இருந்தது.

"துண்டிலை அவன்ரை பேர் விழுந்தால், நாளைக்குக் காணி தன்ரை எண்டு வருவான், அக்கா."

"வந்தால் கோட்டிலை கதையுங்கோ. இப்ப மழை வரப்போகுது."

"முழுக் கூரையும் போட்டுத் தாறனெண்டு வந்தனான். வேண்டாமெண்டியள். இப்ப அவன்ரை சில்லறைக்கு வந்து நிக்கிறியள்."

"ஓம். அவர் வரி எண்டு தாறார்."

"நான் கையெழுத்து வைக்கமாட்டன்."

அவர் கடிதத்தை நான்காக மடித்தார். மடித்துக்கொண்டே, "அப்ப உம்மடை வரியையாவது கட்டும், தம்பி. ஏழு வருசம்" என்றார்.

"போங்கோ அக்கா, எனக்குத் தோட்டத்திலை வேலை கிடக்கு."

போனார். நான் அந்த வரியையும் கட்டவில்லை. என்னிடம் காசு இருந்தது. அந்த வருடம் வெங்காயத்துக்கு நல்ல விலை.

ஐப்பசியில் மழை தொடங்கியது. விடாத மழை. இரண்டு கிழமை நான் நூலகப் பக்கம் போகவில்லை. ஒரு நாள் வெட்கத்தைவிடப் பேப்பர் ஆசை பெரிதாகிப் போனேன். பின் மூலையிலிருந்து தண்ணீர் இப்போது நடு அறைக்கு வந்திருந்தது. வளை மரத்தோடு சேர்ந்து இன்னும் கொஞ்சக் கூரை விழுந்திருந்தது. பழைய வாங்கின் மேல் புத்தகங்களை விரித்து வைத்திருந்தார், காய்வதற்கு. வெயிலே இல்லாமல் எதைக் காய வைப்பது? தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பலகை மாதிரி ஆகியிருந்தன. சில புத்தகங்களில் முதல் தாளில் அவர் எழுதிய வசனம் நீலமாகக் கரைந்து அட்டைவரை ஓடியிருந்தது. செல்லன் உரப்பைகளை வெட்டி அலுமாரிகளுக்கு மேல் போர்த்திக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் தோளில் கிடந்த துவாயை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டான். பழக்கம்.

நான் வாசலில் நின்றேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கேட்கட்டும் என்று காத்துக்கொண்டு நின்றேன். கேட்டால், 'நாளைக்குக் கட்டுறன்' என்று சொல்லத்தான் நினைத்திருந்தேன். அது உண்மையா பொய்யா என்று எனக்குத் தெரியாது.

அன்றைக்கு அவர் கேட்கவில்லை.

"பேப்பர் நனைஞ்சு போச்சு, தம்பி" என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு அவர் யாரிடமும் கேட்கவில்லை. பிள்ளைகளிடம்கூட இல்லை. அதுவும் கொஞ்ச நாள் பகிடிதான். "வரியக்காவுக்கு வாய் அடைச்சுப் போச்சு" என்றார்கள். பிறகு பிள்ளைகள் வருவதை விட்டார்கள். பிறகு ஸ்டேசன் மாஸ்டர். பிறகு நான். அடுத்த ஆடிக் காற்றில் முன்பக்கக் கூரையிலும் ஓடுகள் கழன்றன. எந்தப் படையும் வந்து எரிக்கவில்லை. எங்கள் ஊர் நூலகத்தை நாங்களே அழித்தோம், ஒரு நெருப்புக்குச்சி செலவில்லாமல்.

தொண்ணூற்றைந்து ஐப்பசியில் படை நெருங்கியபோது வலிகாமம் முழுவதும் ஒரே நாளில் எழும்பித் தென்மராட்சிக்குப் போனது. வழியில் கடந்த அந்த ஒற்றைப் பாலத்தையும் அந்த மழையையும் பற்றி எழுதியவர்கள் நிறையப் பேர். நான் எழுதவில்லை. சைக்கிளில் அம்மாவை வைத்துத் தள்ளிக்கொண்டு சாவகச்சேரிக்கு அங்கால் ஒரு ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது விடிந்து வெகுநேரம் ஆகியிருந்தது. பள்ளிக்கூடம் நிறைந்துவிட்டது, கோயில் மண்டபம் நிறைந்துவிட்டது. சபை வாசிகசாலையைக் காட்டினார்கள்.

ஒரே அறை. மேசைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு நிலம் முழுவதும் சனம். ஈர உடுப்பு மணம். அம்மாவுக்கு ஒரு மூலை கிடைத்தது. திரும்பிப் பார்த்தால் பேப்பர் மேசைக்குக் கீழே அவர். காலை மடித்து இருந்தார், மடியில் ஒரு சின்னத் தோள்பை. அவரை நான் கடைசியாகக் கண்டது அங்கேதான். பிறகு வன்னிக்குப் போனதாகச் சொன்னார்கள். நான் தேடவில்லை.

பக்கத்தில் போய்க் குந்தினேன். என்ன கேட்பதென்று தெரியாமல் கேட்டேன்.

"புத்தகங்கள், அக்கா?"

"நனைஞ்சதெல்லாத்தையும் விட்டிட்டு வந்திட்டன்."

"நனையாதது?"

"நனையாதது இல்லை."

வெளியே மழை ஊற்றியது. அவர் கழுத்தை நிமிர்த்தி மேலே பார்த்தார். நானும் பார்த்தேன். பழைய ஓடுதான். ஆனால் ஓட்டை இல்லை. கைமரங்களுக்குத் தார் பூசியிருந்தார்கள். சுவரில் வரிசையாக அலுமாரிகள், உள்ளே காய்ந்த புத்தகங்கள். எந்த அலுமாரியிலும் யாருடைய பெயரும் இல்லை.

"ஆரோ கட்டின வரியிலை நனையாமல் கிடக்கிறம், தம்பி" என்றார்.

குத்திக் காட்டச் சொல்லவில்லை. குத்திக் காட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மழை பெய்கிறது என்று சொல்வதைப் போலச் சொன்னார். பிறகு கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டு, மேசைக் காலில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

நான் எழும்பினேன். நிற்பதற்கும் இடமில்லை. சுவரோரம் ஒரு குடும்பம் பாய் விரித்துப் படுத்திருந்தது. அதில் ஒரு ஆள் எழும்பி, தன் பேரப்பிள்ளையைத் தூக்கி மறுபக்கம் கிடத்திவிட்டு, பாயின் பாதியைக் கையால் தட்டிக் காட்டினான். செல்லன். துவாய் அவன் தோளிலேயே கிடந்தது, எடுக்கவில்லை.

"இதிலை படுங்கோ, ஐயா. இடம் கிடக்கு. இஞ்சை ஒருத்தரும் உறுதி கேக்க மாட்டினம்."

நான் படுத்தேன். கூரை ஒழுகவில்லை.